நாலு வரிக்குள் ஓர் ஊர்: வரி விளம்பரம் எப்படி வேலை செய்தது?

‘டிவிஎஸ் 50, 1986 மாடல், சிங்கிள் ஓனர், நல்ல நிலையில். நேரில்:’ என்று ஆரம்பித்து ஒரு தெருவின் பெயரோடு முடிகிற விளம்பரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இன்று இருபத்தைந்து, முப்பது வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார்கள். செய்தித்தாளின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், பத்தி பத்தியாக நெருக்கி அடித்திருக்கும். படம் இருக்காது, அலங்காரம் இருக்காது. நாலு வரி, ஐந்து வரி, அவ்வளவுதான். அடுத்த வரியில் வேறொருவருடைய விளம்பரம் தொடங்கிவிடும்.

என் சித்தப்பா கோவில்பட்டியில் பேப்பர் ஏஜென்சி வைத்திருந்தார். விடியற்காலையில் கட்டுகளைப் பிரித்துப் பையன்களுக்குக் கொடுப்பார். பத்து மணிக்கு மேல் விளம்பரம் வாங்குவார். 1980களின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருஷம், பள்ளி லீவு விட்டால் நான் அந்தக் கடையில்தான் இருப்பேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று விளம்பரப் படிவம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். அங்கே பார்த்ததையும், பின்னால் தேடிப் படித்ததையும் வைத்து, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். தமிழில் இதை வரி விளம்பரம் என்கிறோம். வரிக்கு இவ்வளவு, அல்லது சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் வந்த பெயர். சிறு விளம்பரம் என்றும் சொல்வார்கள். அது அளவைப் பார்த்து வைத்த பெயர். ஆங்கிலத்தில் கிளாசிஃபைட் என்பார்கள். வகை பிரித்தது என்று அர்த்தம். மூன்றிலும் விஷயத்தின் உயிரைத் தொடுவது இந்த மூன்றாவது பெயர்தான் என்று நினைக்கிறேன். விளம்பரம் சின்னதாக இருப்பது முக்கியமே இல்லை. வீடு தேடுகிறவர் கண், ‘வீடு வாடகைக்கு’ என்ற தலைப்புக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். மற்ற எதையும் அவர் படிக்கத் தேவையில்லை. ஜவுளிக்கடை கால் பக்கத்துக்குக் கொடுக்கிற தீபாவளி விளம்பரம், செய்தி படித்துக்கொண்டிருக்கிறவரை இழுத்து நிறுத்துகிறது. வரி விளம்பரமோ யாரையும் இழுப்பதில்லை. தேடிக்கொண்டு வருகிறவருக்காகத் தன் இடத்தில் காத்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

இந்த யோசனை செய்தித்தாளைவிடப் பழையது. பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் மோன்டேன், தன் தகப்பனார் அடிக்கடி சொன்ன ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் ஓர் இடம் வேண்டும், அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து, முத்து விற்க வேண்டும் என்பவரையும் முத்து வாங்க வேண்டும் என்பவரையும், வேலைக்காரன் தேடுபவரையும் எஜமான் தேடுபவரையும் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பாராம் அந்தப் பெரியவர். ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டும் ஒருவரை ஒருவர் தெரியாமலே போகிறார்களே என்ற ஆதங்கம் அவருக்கு. 1630 வாக்கில் தியோஃப்ராஸ்த் ரெனோதோ என்ற வைத்தியர் பாரிஸில் அப்படி ஓர் அலுவலகத்தையே திறந்தார். பிறகு அந்தப் பதிவேட்டை அச்சடித்தும் வெளியிட்டார். பிரான்ஸின் முதல் செய்தித்தாளை 1631இல் தொடங்கியவரும் அவரே. செய்தியும் ‘தேவை’யும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு காலத்தில் விளம்பரம்தான் முதல் பக்கமே. லண்டன் டைம்ஸ் 1966 மே மாதம் வரை முதல் பக்கத்தில் பொடி விளம்பரங்களைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் தி இந்து 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்திருந்தது. காலையில் பேப்பரை எடுத்தவர் முதலில் பார்த்தது, யார் எதை விற்கிறார்கள், யாருக்கு எது தேவை என்பதைத்தான்.

சரி, சின்ன ஊருக்கு வருவோம். கோவில்பட்டி மாதிரி ஊருக்கு என்று தனியாக நாளிதழ் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டின் பெரிய நாளிதழ்கள் எல்லாமே சென்னையில் பிறந்தவை என்று சொல்ல முடியாது. தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கியது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. பிறகு ஊருக்கு ஊர் பதிப்பு போடும் வழக்கம் பரவியது. நெல்லைப் பதிப்பில் வரும் வரி விளம்பரம் நெல்லைச் சீமைக்கு மட்டும் போகும். கோயம்புத்தூர்க்காரருக்குக் கோவில்பட்டியில் காலியாக இருக்கும் வீட்டால் என்ன பிரயோஜனம்? அதனால் பேப்பர் பெரியதாக இருந்தாலும், அந்த ஒரு பக்கம் மட்டும் ஊர்ப் பக்கமாகவே இருந்தது. நிருபர் எழுதாத, ஆசிரியர் திருத்தாத, ஊர்க்காரர்களே காசு கொடுத்து எழுதிய பக்கம் அது.

இப்போது அந்தப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சடித்திருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு சொல். முதல் இத்தனை சொல்லுக்கு இவ்வளவு ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு. தடித்த எழுத்து வேண்டுமென்றால் கூடுதல், சுற்றிக் கட்டம் போட்டால் இன்னும் கூடுதல். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி ரேட். பணம் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும்.

மொபெட் விற்க ஒருவர் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார். ‘என்னிடம் உள்ள 1986 மாடல் டிவிஎஸ் 50 வண்டி நல்ல நிலையில் இருக்கிறது. ஒரே ஆள் ஓட்டியது. பணத்தேவை காரணமாக விற்க விரும்புகிறேன். தேவைப்படுவோர் நேரில் வந்து பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.’ எண்ணிப் பாருங்கள், 22 சொல். முகவரி தனி. சித்தப்பா பேனாவை எடுப்பார்.

“அண்ணாச்சி, ‘என்னிடம் உள்ள’ வேண்டாம். உங்ககிட்ட இருக்கப்போய்த்தானே விக்கீங்க. ‘விற்க விரும்புகிறேன்’ வேண்டாம். ‘வாகனம் விற்பனைக்கு’ன்னு மேல தலைப்பே இருக்கு.”

தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அப்புறம் ‘பணத்தேவை காரணமாக’ என்பதையும் அடித்துவிடுவார். அது காசை மிச்சப்படுத்த அல்ல. “பணத்தேவைன்னு போட்டா வாரவன் ஐந்நூறு குறைச்சுத்தான் கேப்பான்” என்பார். கடைசியில் நிற்பது, இந்தக் கட்டுரையின் முதல் வரியில் நீங்கள் பார்த்த 9 சொல். சிலர் நேர்மாறாக ‘அவசர விற்பனை’ என்று தாங்களே கேட்டுப் போடுவார்கள். விலை குறைந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே கைக்குப் பணம் வர வேண்டும் என்பது அதன் பொருள். வாங்க வருகிறவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும்.

சொல்லுக்குக் காசு என்றதும் தமிழ் மொழி கொஞ்சம் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாகச் சொல்ல வேண்டியதைத் தமிழில் ‘பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ‘நல்லநிலையில்’ என்று சேர்த்து எழுதி ஒரு கட்டத்துக்குள் அடக்கிவிடுவோரும் உண்டு. சேர்த்தது நியாயமா இல்லையா என்று விளம்பரப் பிரிவில் எண்ணிப் பார்த்து, சில சமயம் இரண்டாகவே கணக்கு வைத்துவிடுவார்கள். மிச்சம் வந்த நாலணாவுக்காக அல்ல, அந்த நாலு வரியைத் தானே செதுக்கிய திருப்திக்காகப் பல பேர் அரை மணி நேரம் கடையில் நிற்பார்கள். தமிழில் சிக்கனமாக எழுத நான் கற்றது அந்தக் கடையில்தான். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அர்த்தம் நிற்கிறதா, விழுகிறதா என்று பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது.

எழுதி முடித்த படிவங்களை மாலையில் ஒரு கவரில் போட்டு, திருநெல்வேலி பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். பஸ்ஸைத் தவறவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. ஒரு முறை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் போன் நம்பரில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டுக்கு நாள் முழுக்க, ‘மாடு இன்னும் இருக்கா?’ என்று போன் வந்திருக்கிறது. அடுத்த வாரம் திருத்தத்தோடு இலவசமாக ஒரு தடவை போட்டார்கள். அதற்குள் அந்த ஆள் மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டிருந்தார்.

போன் நம்பர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் போன் இணைப்பு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். அதனால் விளம்பரத்தில் நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று இரண்டெழுத்து இருக்கும். அது பக்கத்து வீட்டு நம்பர் அல்லது எதிர்த்த கடை நம்பர், கூப்பிட்டால் போய் அழைத்து வருவார்கள் என்று அர்த்தம். அந்த இரண்டெழுத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய நல்ல மனசு இருந்தது என்று இப்போது யோசித்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பெட்டி எண்

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு மிகவும் குழப்பமாக இருப்பது இதுதான். விளம்பரத்தின் முடிவில் முகவரி இருக்காது. ‘எழுதவும்: பெட்டி எண் இன்னது, மே/பா’ என்று போட்டு, பத்திரிகையின் பெயர் இருக்கும். மேல்பார்வை என்பதன் சுருக்கம்தான் மே/பா. அலுவலகத்தில் உண்மையில் பெட்டி எதுவும் இருக்க வேண்டும் என்றில்லை. விளம்பரம் கொடுத்தவருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். பதில் எழுதுகிறவர் அந்த எண்ணைக் கவர் மேல் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவார். வந்த கவர்களை எண்வாரியாகப் பிரித்து, கட்டி, விளம்பரம் கொடுத்தவருக்கோ அவருடைய ஏஜென்ட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள். இதற்குத் தனிக் கட்டணம். பதில் எழுதியவருக்கு எதிராளி யார் என்று தெரியாது. எதிராளிக்கு மட்டும் எல்லாரையும் தெரியும்.

நகரத்தில் இது வெறும் வசதி. எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கிற சின்ன ஊரில் இது ஒரு பாதுகாப்பு. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்போம். ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்குக் கணக்குப்பிள்ளை தேவை என்று முகவரியோடு விளம்பரம் வந்தால், ஏற்கெனவே இருக்கிற கணக்குப்பிள்ளைக்கு அன்று காலையிலேயே விஷயம் தெரிந்துவிடும். பெட்டி எண் அதைத் தடுத்தது.

கணவரை இழந்த மகளுக்கு மறுமணம் செய்து வைக்க நினைத்த ஒரு தகப்பனாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் பெட்டி எண் கேட்டார். கவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார். வாரத்துக்கு ஒரு நாள், விளக்கு வைத்த பிறகு வருவார். சித்தப்பா ஒன்றும் கேட்காமல் மேஜை டிராயரைத் திறந்து கட்டை எடுத்துக் கொடுப்பார். அவரும் ஒன்றும் சொல்லாமல் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு போவார். அவர் படிவத்தில் ‘ஜாதி தடையில்லை’ என்று எழுதச் சொன்னபோது குரல் தாழ்ந்தது. அந்த இரண்டு சொல்லை வாயால் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

தலைப்புகள்

மணமகன் தேவை, மணமகள் தேவை என்பவைதான் அதிக இடம் பிடிக்கும். அதற்குள்ளேயே ஜாதிவாரியாக உட்பிரிவு. வயது, உயரம், நிறம், படிப்பு, நட்சத்திரம், தோஷம் உண்டா இல்லையா. ‘சுத்த ஜாதகம்’ என்றால் செவ்வாய் தோஷம், ராகு கேது தோஷம் எதுவும் இல்லை என்று பொருள். ‘எளிய திருமணம்’ என்றால் பெண் வீட்டில் அதிகம் செய்ய முடியாது என்பதை நாசூக்காகச் சொல்வது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பேச்சு இருக்கும்.

வேலைத் தலைப்பில் ‘டைப்பிங் ஹையர் முடித்தவர் தேவை’ என்று வரும். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் என்று இரண்டு அரசுத் தேர்வு. ஊருக்கு இரண்டு மூன்று இன்ஸ்டிட்யூட் டக டகவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலம்.

வீட்டு விளம்பரங்களில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சொல் உண்டு: ‘தண்ணீர் வசதி’. கரிசல் பூமி, மழை குறைவு, குடிதண்ணீர் எந்நேரமும் கவலை. மூன்று ரூம், மொட்டை மாடி எல்லாம் பின்னால் வரும். முதல் சொல்லே தண்ணீராகத்தான் இருக்கும். ஓர் ஊரில் எது அரிது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊர் வாடகை விளம்பரத்தில் காசு கொடுத்து எதை எழுதினார்கள் என்று பார்த்தாலே போதும். தாமிரபரணிக் கரை ஊர்களின் வாடகை விளம்பரத்தில் தண்ணீரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு சொல்லும் இருக்காது.

அப்புறம் பொது அறிவிப்பு. அசல் கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது, கண்டெடுத்தவர் கொடுக்கவும் என்பது ஒரு வகை. ‘என் மகன் என் பேச்சைக் கேட்காமல் தனியே போய்விட்டான், இனி அவனுடைய கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பல்ல’ என்பது இன்னொரு வகை. பவர் ரத்து, அதாவது ஒருவருக்கு எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்வது, பெயர் மாற்றம் எல்லாம் இதில்தான். இவற்றில் சிலவற்றுக்குச் சட்டமே துணை நிற்கிறது. நீதிமன்ற சம்மனை ஒருவரிடம் நேரில் சேர்க்க முடியாதபோது, பத்திரிகையில் வெளியிட சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அப்படி வெளியிடும் நாளிதழ், அந்த ஆள் கடைசியாகக் குடியிருந்ததாகவோ தொழில் செய்ததாகவோ தெரிகிற பகுதியில் புழங்குகிற நாளிதழாக இருக்க வேண்டும் என்று 1976 திருத்தம் சொல்கிறது. கோவில்பட்டிக்காரருக்கு டெல்லிப் பேப்பரில் போட்டால் செல்லாது. ஊர்ப் பேப்பரில் வந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி என்ற நம்பிக்கை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பக்கத்தை நான் இவ்வளவு பிரியமாகச் சொல்வதால் அதில் தவறே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ‘சைவம் மட்டும்’, ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று வீட்டு விளம்பரத்தில் வரும் சொற்கள் வெறும் சாப்பாட்டையும் குடும்பத்தையும் பற்றியவை அல்ல. யாருக்கு வீடு கிடையாது என்பதைச் சொல்லாமல் சொல்பவை. இன்ன ஜாதிக்கு வீடு இல்லை என்பதை இரண்டு சொல் காசில் ஊர் முழுக்க அறிவித்துவிடலாம். ‘ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்பதும் அப்படித்தான். 1976இன் சம ஊதியச் சட்டம், ஆளெடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும் அந்த வரி வந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. அங்கே நாளிதழ்கள் ஆண்களுக்கான வேலை, பெண்களுக்கான வேலை என்று தனித்தனிப் பத்தி போட்டுக்கொண்டிருந்தன. 1973இல் பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஒன்றின் வழக்கில், அப்படிப் பிரித்துப் போடுவதைத் தடுத்தது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு எதிரானது அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறம், மதம் பார்த்து வீடு மறுக்கும் விளம்பரத்தை 1968 சட்டமே தடுத்துவிட்டது. வகை பிரிப்பதுதான் இந்த விளம்பரத்தின் உயிர் என்றேன். பொருளைப் பிரிக்க வந்த தலைப்பு மனிதரைப் பிரிக்கத் தொடங்கும் இடத்தில் அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். நம் பேப்பர்களில் அந்தக் கேள்வியைப் போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் வருத்தம்.

மோசடியும் உண்டு. வீட்டிலிருந்தே ஆயிரம் ஆயிரமாகச் சம்பாதிக்கலாம் என்று வரும். எந்த நோயையும் இத்தனை நாளில் தீர்ப்போம் என்று, லாட்ஜ் பெயரும் தேதியும் போட்டு வரும். இன்னின்ன நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954இலேயே மத்திய அரசு சட்டம் போட்டிருந்தது. வளைகுடா வேலைக்கு ஆளெடுக்கும் முகவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பதிவு எண் காட்டாதவரிடம் சித்தப்பா விளம்பரம் வாங்க மாட்டார். விளம்பரத்துக்குப் பத்திரிகை பொறுப்பல்ல என்று கீழே ஒரு வரி போட்டிருக்கும். ஏமாந்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? கடைக்குத்தான் வருவார்கள்.

காசு

ஒரு வரி விளம்பரத்தால் பத்திரிகைக்கு வருவது சொற்பம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை வரி! பெரிய கம்பெனி விளம்பரத்துக்குப் பணம் வர மாதங்கள் ஆகும், இதுவோ முன்பணம். பெரிய விளம்பரதாரர் ஒருவர் கோபித்துக்கொண்டு நிறுத்தினால் பத்திரிகைக்கு வலிக்கும். மாடு விற்கிறவரும் வீடு தேடுகிறவரும் பத்திரிகை என்ன எழுத வேண்டும் என்று மிரட்ட மாட்டார்கள். அந்தச் சில்லறைதான் பல ஊர்களில் நிருபரின் சம்பளமாகவும் ஆனது என்று நினைக்கிறேன். அதனால்தான் அது போனபோது செய்தியும் சேர்ந்து அடி வாங்கியது.

அமெரிக்காவில் 1995இல் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய வரி விளம்பரத் தளம் தொடங்கியது. 2000இல் அந்நாட்டு நாளிதழ்களுக்கு வரி விளம்பரத்தால் சுமார் 1,960 கோடி டாலர் வந்தது. 2012இல் அது 500 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. சின்ன ஊர்ப் பத்திரிகைகள் பல மூடியே போயின. இங்கே 1997இல் நௌக்ரி என்ற வேலை தேடும் இணையதளம் வந்தது. அதே ஆண்டு முருகவேல் ஜானகிராமன் என்ற சென்னைக்காரர் அமெரிக்காவில் இருந்தபடி தொடங்கிய தமிழ் இணையதளத்தில்தான் பின்னாளில் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்த வரன் பகுதி இருந்தது. நம் நாளிதழ்களில் வரி விளம்பரம் இன்னும் அழிந்துவிடவில்லை. மனையும் வரனும் பொது அறிவிப்பும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய மொபெட்டும் தையல் மெஷினும் டைப்பிங் ஹையரும்தான் அங்கே இல்லை. என் சித்தப்பா 2000க்குப் பிறகு விளம்பரம் வாங்குவதைக் குறைத்து, அப்புறம் நிறுத்தியேவிட்டார்.

பழைய பக்கத்தைப் படித்துப் பார்க்க ஆசை இருந்தால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், பாட்டி வீட்டு மர அலமாரித் தட்டில் விரித்திருக்கும் பேப்பரைப் பாருங்கள். ஒரு நாள் பக்கத்தை முழுக்கப் படிப்பதைவிட, ஒரே தலைப்பை ஒரு மாதத்துக்குத் தொடர்ந்து படிப்பது நல்லது. ஒரே வீடு மூன்று வாரம் வந்தால் வாடகை அதிகம் என்று தெரியும். ஒரே கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் கேட்டால் முதலாளி எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

‘காணவில்லை’ என்ற தலைப்பையும் அப்படிப் படியுங்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரங்களில் அந்தத் தலைப்பு நீளும். படத்தோடு போட்டால் சென்டிமீட்டர் கணக்கில் செலவு. படம் போட வசதியில்லாதவர்கள் வரியாகவே கொடுப்பார்கள். ஒரு ஜூன் மாதம், மில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். பையன் ஃபெயிலாகிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். தாளில் எழுதி வந்திருந்தார்: ‘தம்பி, மார்க் பற்றி யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள். எங்கிருந்தாலும் உடனே வா.’ நான் பழக்கதோஷத்தில் ‘ஒன்றும்’ என்ற சொல்லை அடிக்கப் பேனாவைக் கொண்டு போனேன். சித்தப்பா என் கையைப் பிடித்துவிட்டார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பையனுக்குத் தெரிஞ்ச ஆளுங்க வெளியூர்ல எங்க இருக்காங்க அண்ணாச்சி?” திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாமன் மகன் ஒருவன் இருக்கிறான் என்றார் அவர். நெல்லைப் பதிப்பு என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கோவைப் பதிப்பு என்று சித்தப்பா தன் கையால் எழுதினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பணம் கட்டிவிட்டுப் போனார் அந்த மனிதர். நான்காவது வாரம் வரவில்லை. சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, படிவத்தில் இருந்த தெருவைத் தேடிப் போனார். வீட்டு வாசலில் ஒரு பையன் குனிந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாதான் உள்ளே கூப்பிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஒரு பேப்பர்த் துண்டை எடுத்துக் காட்டினார். டீக்கடைப் பெஞ்சில் கிடந்த பேப்பரிலிருந்து அந்த நாலு வரியை மட்டும் கையால் கிழித்திருக்கிறான். ஓரமெல்லாம் நைந்திருந்தது, பக்கத்து விளம்பரத்தின் பாதிச் சொற்களும் கூடவே வந்திருந்தன.